சாம்பெய்ன்-அர்பானாவில் டென்னிஸ்: இல்லினாய் பல்கலைக்கழக ஊருக்கு வந்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிகாகோவுக்குத் தெற்கே சுமார் 220 கிலோமீட்டர் தொலைவில், சோளக்காடும் சோயாக்காடும் சூழ்ந்த சமவெளியில் சாம்பெய்னும் அர்பானாவும் ஒட்டியே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இல்லினாய் பல்கலைக்கழகம். படிக்கிற பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோர், மாநாட்டுக்கு வரும் பேராசிரியர், ஒரு செமஸ்டர் ஆய்வுக்கு வருபவர் என்று நம்மவர்கள் வருடம் முழுக்க வந்துபோகும் ஊர் இது. ஊரில் டென்னிஸ் ஆடுகிற பழக்கம் இருந்தால், இங்கே அதை விட வேண்டியதில்லை. கோர்ட்டுக்குப் பஞ்சமே கிடையாது. எந்த நேரத்தில் எந்தக் கோர்ட் காலியாக இருக்கும் என்று தெரிந்துகொள்வதுதான் பெரிய வேலை. அதை முடிவுசெய்வது பல்கலைக்கழகத்தின் நாட்காட்டி. வானிலைக்கு இரண்டாம் இடம்தான்.

முதலில் நாட்காட்டி

டிக்கெட் எடுக்கும் முன்பே பல்கலைக்கழகத்தின் கல்வி நாட்காட்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இலையுதிர் பருவ வகுப்புகள் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடியும். வசந்தப் பருவம் ஜனவரி நடுவிலிருந்து மே வரை. நவம்பரில் நன்றி நவிலல் விடுமுறை, மார்ச்சில் ஒரு வாரம் இடைவேளை. இந்த இடைவெளிகளில் மாணவர் கூட்டம் சட்டென்று வடிந்துவிடும்.

மே நடுவில் பட்டமளிப்பு முடிந்ததிலிருந்து ஆகஸ்ட் வரை ஆடுவதற்குப் பொற்காலம். மாணவர்களில் பெரும்பாலோர் ஊரில் இருக்க மாட்டார்கள். ஜூனில் சூரியன் மறைய இரவு எட்டே கால், எட்டரை ஆகிவிடும். சாப்பாட்டுக்கு முன் இரண்டு செட் தாராளமாக ஆடலாம். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் சில கோர்ட்டுகளில் சிறுவர்களுக்கான கோடைப் பயிற்சி முகாம் நடக்கும். அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் வானிலை ஆண்டிலேயே மிகச் சிறப்பு. ஆனால் மாலை ஐந்துக்கு மேல் ஊரே கோர்ட்டில் நிற்கும். இன்னொரு சிக்கல், சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து. மெமோரியல் ஸ்டேடியத்தில் உள்ளூர் ஆட்டம் இருக்கும் நாளில் பல்லாயிரம் பேர் காரில் வந்து இறங்குவார்கள். வளாகத்தின் தெற்குப் பகுதியில் வண்டி நிறுத்த இடம் தேடியே உங்கள் ஆட்ட நேரம் கரைந்துவிடும். அன்று ஊரின் மேற்குப் பக்கப் பூங்காக்களுக்குப் போங்கள், அல்லது ஆட்டம் தொடங்கிய பிறகு கிளம்புங்கள். எல்லோரும் ஸ்டேடியத்துக்குள் இருக்கும் அந்த மூன்று மணி நேரம் பூங்காக் கோர்ட்டுகள் வெறிச்சோடிக் கிடக்கும்.

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை வெளியே ஆடுவதை மறந்துவிடலாம், உள்ளரங்கம்தான் வழி. ஏப்ரல் சூதாட்டம். ஒரு நாள் 22 டிகிரி வெயில், மறுநாள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர்.

எங்கே ஆடுவது

பூங்காக் கோர்ட்டுகளை இரண்டு தனித்தனி அமைப்புகள் நடத்துகின்றன: சாம்பெய்ன் பார்க் டிஸ்ட்ரிக்ட், அர்பானா பார்க் டிஸ்ட்ரிக்ட். ஒன்றின் இணையதளத்தில் மற்றதன் கோர்ட்டுகள் இருக்காது. இது தெரியாமல் பாதிப் பட்டியலோடு நின்றுவிடுபவர்கள் நிறைய. பொதுவாகப் பூங்காக் கோர்ட்டில் முன்பதிவு கிடையாது. முன்னால் வந்தவர் ஆடலாம், பின்னால் வந்தவர் காத்திருக்கலாம்.

சாம்பெய்னின் மேற்கில் சென்டெனியல் பூங்காவில் லிண்ட்ஸே கோர்ட்டுகள் இருக்கின்றன. பக்கத்திலேயே சென்டெனியல் உயர்நிலைப் பள்ளி. இல்லினாய் மாநிலத்தில் பள்ளிப் பெண்கள் அணிகளுக்கு இலையுதிர் காலத்தில் டென்னிஸ், ஆண்கள் அணிகளுக்கு வசந்த காலத்தில். அதனால் ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரையும், மார்ச் முதல் மே வரையும், வார நாட்களில் பள்ளி விடும் நேரத்திலிருந்து மாலை ஆறு வரை பள்ளியை ஒட்டிய எந்தக் கோர்ட்டையும் நம்பிப் போக வேண்டாம். வரிசையாக எல்லாக் கோர்ட்டிலும் ஒரே நிறச் சட்டைகள் தெரிந்தால் பள்ளி அணி என்று அர்த்தம். காத்திருந்து பயனில்லை.

அர்பானாவில் வைன் தெருவும் ஃப்ளோரிடா அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் பிளேர் பூங்கா. வளாகத்தின் கிழக்குப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு நடக்கும் தூரம்.

வளாகத்தின் தென்பகுதியில் ஆட்கின்ஸ் டென்னிஸ் மையம். பல்கலைக்கழக அணிகளின் வீடு இது. உள்ளே ஆறு கோர்ட்டுகள், வெளியே கான் டென்னிஸ் வளாகம். அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டி 2013-இல் இங்கேதான் நடந்தது. அணிப் பயிற்சி, போட்டி, வகுப்புகள் எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரமே வெளியாருக்கு. சாம்பெய்ன் பார்க் டிஸ்ட்ரிக்டின் டாட்ஸ் டென்னிஸ் மையம் இன்னொரு உள்ளரங்கம். சில வாரங்களுக்கு மட்டும் வந்திருப்பவர்கள் முதலில் டாட்ஸையே கேட்டுப் பார்க்கலாம். ஊர்ப் பொதுமக்களுக்காகவே நடப்பதால் அணிக்கு ஒதுக்கிய நேரம் என்ற தடை அங்கே இல்லை.

உள்ளரங்கத்துக்குப் பதிவுசெய்வது இப்படி:

1. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே தொலைபேசியில் கூப்பிடுங்கள். வார நாட்களில் காலை பத்து முதல் மதியம் மூன்று வரை இடம் சுலபமாகக் கிடைக்கும். மாலை ஆறு முதல் ஒன்பது வரை லீக் ஆட்டங்கள் பிடித்துக்கொள்ளும்.

2. சொல்லும் கட்டணம் கோர்ட்டுக்கா, ஆளுக்கா என்று கேளுங்கள். உறுப்பினர் அல்லாதவருக்குத் தனி விருந்தினர் கட்டணம் சேருமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். கோர்ட்டுக்குத்தான் கட்டணம் என்றால் நாலு பேராகப் போய் இரட்டையர் ஆடுவது லாபம்.

3. தரையில் கோடு போடாத அடிப்பாகம் கொண்ட ஷூ இருக்க வேண்டும். கறுப்பு ரப்பர் அடியுள்ள ஓட்ட ஷூவோடு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

4. பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய் நடைபாதையிலேயே உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் மணி நேரம் கடிகாரப்படி முடிந்துவிடும். 5-5 என்று ஸ்கோர் இருந்தாலும் அடுத்தவர் வந்து நிற்பார்.

5. ரத்து செய்ய எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் முழுக் கட்டணமும் போகும்.

பெட்டியில் என்ன வரவேண்டும்

ஷூ கட்டாயம் வரவேண்டும். ராக்கெட்டை இரவல் வாங்கலாம், ஷூவை அப்படி இரவல் வாங்க முடியாது. ஓட்ட ஷூவின் குதிகால் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும். முன்னோக்கி ஓடுவதற்காகச் செய்தது. டென்னிஸில் பக்கவாட்டில் பாய்ந்து சட்டென்று நிற்கும்போது அந்த மெத்தை ஒரு பக்கமாக மடங்கி, கணுக்கால் அதோடு திரும்பிவிடும். இங்கே பூங்காக் கோர்ட்டுகள் எல்லாம் அக்ரிலிக் பூசிய ஹார்ட் கோர்ட். கால் வழுக்கிக்கொடுக்காது, ஒட்டிப் பிடிக்கும். செம்மண் கோர்ட்டில் சறுக்கிப் பழகியவர்கள் முதல் அரை மணி நேரம் அடியைச் சுருக்கி ஆடுவது நல்லது.

ராக்கெட்டின் நீளம் 27 அங்குலம், 68.5 சென்டிமீட்டர். பெரிய பெட்டியில் மூலைக்கு மூலை சாய்வாக வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். தலைப்பகுதியை இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்துச் சுற்றிலும் துணி அடைத்துவிட்டால் போதும். கைப்பையில் கொண்டுபோகலாமா என்பது விமான நிலையத்துக்கு விமான நிலையம் மாறும். பெட்டியில் போட்டுவிட்டால் தலைவலி இல்லை.

சென்னை வெயிலுக்கு ஏற்றபடி நரம்பை இறுக்கிப் பின்னியிருந்தால், இங்கே ஏப்ரல் அல்லது அக்டோபர் குளிரில் பலகையால் அடிப்பது போல இருக்கும். குளிரில் நரம்பும் விறைக்கும், பந்தும் மந்தமாகும். வழக்கத்தைவிட 2 பவுண்டு குறைத்துப் பின்னிக்கொண்டு வாருங்கள். முழங்கை வலிக்காரர்கள் பாலியெஸ்டர் நரம்பை ஊரிலேயே விட்டுவிட்டு மென்மையான செயற்கை நரம்போடு வருவது புத்திசாலித்தனம்.

ராக்கெட் கொண்டுவரவில்லையா? வால்மார்ட், டார்கெட் போன்ற கடைகளில் அலுமினிய ராக்கெட் மலிவாகக் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு அது போதும். கைப்பிடி அளவை மட்டும் பார்த்து வாங்குங்கள். பிடித்துப் பார்க்கும்போது விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மறு கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கைப்பிடி சிறியது, மேலே ஒரு கிரிப் நாடா சுற்றிக்கொள்ளலாம். பெரியதாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, வேறு ராக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் வந்திருந்தால் யுனிவர்சிட்டி ஒய்.எம்.சி.ஏ. நடத்தும் 'டம்ப் அண்ட் ரன்' விற்பனையை விட்டுவிடாதீர்கள். மாணவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன சாமான்களைச் சேர்த்து விற்பது அது. நல்ல ராக்கெட்டும் சில சமயம் அதில் சிக்கும்.

பந்து

மூன்று பந்து கொண்ட டப்பா எல்லாப் பெரிய கடையிலும் கிடைக்கும். டப்பா மேல் 'எக்ஸ்ட்ரா ட்யூட்டி' என்றோ 'ரெகுலர் ட்யூட்டி' என்றோ அச்சிட்டிருக்கும். வெளி ஹார்ட் கோர்ட்டுக்கு எக்ஸ்ட்ரா ட்யூட்டி. அதன் கம்பளி தடிமன், சொரசொரப்பான தரையைத் தாங்கும். ரெகுலர் ட்யூட்டி செம்மண்ணுக்கும் உள்ளரங்கத்துக்கும். அதை வெளிக் கோர்ட்டுக்கு வாங்கினால் சீக்கிரமே மொட்டையாகி, பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். பொம்மைப் பகுதியில் கிடைக்கும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் புள்ளிப் பந்துகள் குழந்தைகளுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் உரியவை. மஞ்சளாக இருக்கிறதே என்று அவசரத்தில் எடுத்துவிடாதீர்கள்.

டப்பாவைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வெளியேற வேண்டும். சத்தமே வராவிட்டால் டப்பா முன்பே கசிந்துவிட்டது. அப்படியே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள், ரசீது இருந்தால் மாற்றித்தருவார்கள்.

பழைய பந்து உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. விதிப்படி 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழும் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழ வேண்டும், அதாவது விழுந்த உயரத்தில் பாதிக்குச் சற்று மேல். உங்கள் தலை உயரத்திலிருந்து கைவிட்டால் பந்து உங்கள் இடுப்பை எட்ட வேண்டும். தொடையோடு நின்றால் அதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்நாளில் இந்தச் சோதனையை வீட்டுக்குள் செய்யுங்கள். வெளியே 8 டிகிரியில் புத்தம்புதுப் பந்தும் சோதனையில் தோற்றுவிடும். அதே காரணத்தால் பந்துகளை இரவில் கார் டிக்கியில் விட்டுவைக்காதீர்கள். ஆடப் போகும்வரை வீட்டுச் சூட்டிலேயே இருக்கட்டும், இடைவேளையில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.

புதியவரோடு முதல்முறை ஆடப் போகும்போது திறக்காத ஒரு டப்பாவோடு போவது மரியாதை. நாலைந்து டாலர்தான். அடுத்த வாரமும் ஆடக் கூப்பிடுவார்களா என்பது பல சமயம் அந்த டப்பாவில்தான் இருக்கிறது.

கோர்ட்டில் கால் வைத்ததும்

முதலில் நெட். நடுவில் 36 அங்குலம், கம்பங்களில் 42 அங்குலம் இருக்க வேண்டும். அளவுகோல் வேண்டாம். ஒரு ராக்கெட்டை நெட்டின் நடுவில் நேராக நிறுத்தி, அதன்மேல் இன்னொரு ராக்கெட்டின் தலையைக் குறுக்காக வையுங்கள். 27 அங்குலமும் தலையின் அகலம் ஒன்பது, பத்து அங்குலமும் சேர்ந்தால் 36-ஐ ஒட்டி வரும். பூங்காக்களில் நெட்டை இறுக்கும் கைப்பிடியைக் கழற்றிவிட்டிருப்பது சகஜம். அப்போது நடுப்பட்டையைச் சரிசெய்து நெட்டை இறக்கத்தான் முடியும், ஏற்ற முடியாது. தொய்ந்த நெட்டில் ஆடிப் பழகினால் உங்கள் ஃபோர்ஹேண்ட் பிரமாதமாக முன்னேறிவிட்டதாகத் தோன்றும். உள்ளரங்கத்துக்குப் போன அன்று உண்மை தெரியும்.

அடுத்தது கோடுகள். சின்ன மட்டையும் துளைப் பந்தும் கொண்டு ஆடும் பிக்கிள்பால் அமெரிக்கா முழுக்கப் பரவிவிட்டதால் டென்னிஸ் கோர்ட்டிலேயே அதன் கோடுகளையும் வேறு நிறத்தில் வரைந்திருப்பார்கள். டென்னிஸுக்கு எப்போதும் வெள்ளைக் கோடுதான். பந்து வேகமாகப் போகும்போது கண் தடுமாறும், முதல் பத்து நிமிடம் தவறாக 'அவுட்' சொல்லிவிடாதீர்கள். நடுவில் நெட் 34 அங்குலமாக இருந்தால் அது பிக்கிள்பாலுக்காகவே மாற்றிவிட்ட கோர்ட்.

மூன்றாவது விரிசல். இங்கே மண் குளிர்காலத்தில் உறைந்து வீங்கி, வசந்தத்தில் இளகும். அதில் தரை வெடிக்கும். பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் பின்கோட்டுக்கு, அருகே விரல் நுழையும் அளவு விரிசல் இருந்தால் வேறு கோர்ட்டுக்கு மாறுங்கள். பந்து தப்பிப் போவது பெரிய விஷயமில்லை, ஷூ நுனி மாட்டினால் முகம் தரையில்தான்.

ஈரம் இருந்தால் முதலில் வெள்ளைக் கோட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். கோட்டு வண்ணம் வழவழப்பானது, மற்ற இடம் உலர்ந்தாலும் அது வழுக்கும். செப்டம்பர் காலைகளில் மழையே பெய்யாவிட்டாலும் பனித்துளி இறங்கியிருக்கும். உள்ளங்கையைத் தரையில் அழுத்தி எடுங்கள், ஈரம் ஒட்டினால் வெயில் ஏறும்வரை பொறுங்கள்.

ஆடுவதற்கு ஆள்

சரியான ஜோடி கிடைக்காமல் போவதற்கு முக்கியக் காரணம், தரத்தைச் சொல்லத் தெரியாததுதான். "ஓரளவு ஆடுவேன்" என்றால் இங்கே யாருக்கும் புரியாது. என்.டி.ஆர்.பி. என்ற அமெரிக்க டென்னிஸ் தர அளவுகோலில் 3.0, 3.5, 4.0 என்று எண்ணாகச் சொல்வதுதான் வழக்கம். மிதமான வேகப் பந்தைத் திரும்ப அடித்துவிடுவீர்கள், ஆனால் திசையும் ஆழமும் கைவசம் இல்லை என்றால் 3.0. நினைத்த பக்கம் அடிக்க முடியும், ஆனால் பலமும் வேறுபாடும் குறைவு என்றால் 3.5. ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் இரண்டிலும் நம்பி ஆழமாக அடிக்கவும், இரண்டாவது சர்வை இரட்டைத் தவறு இல்லாமல் போடவும் முடிந்தால் 4.0. ஊரில் கிளப் சாம்பியன் என்ற நினைப்பில் 4.5 என்று சொல்லிவிடாதீர்கள். வருபவர் பள்ளி அணியில் முதல் கோர்ட்டில் ஆடிய இருபது வயதுப் பையனாக இருப்பான், ஆட்டம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் அரைப் படி குறைத்தே சொல்லுங்கள்.

ஆள் கிடைக்கும் வழிகளில் எளிது, உள்ளரங்க மையங்களின் குழு வகுப்பு. வந்தவரும் போனவரும் சேரக்கூடிய ஒற்றை நாள் வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு வகுப்பில் ஆறேழு பேர் அறிமுகமாவார்கள், உங்கள் தரத்தைப் பயிற்சியாளரே சொல்லிவிடுவார். இரண்டாவது வழி, பிள்ளையின் ஆய்வகத்திலும் துறையிலும் விசாரிப்பது. முதுகலை மாணவர்களில் டென்னிஸ் ஆடுகிறவர்கள் ஏராளம், பெரும்பாலோருக்கு நேரம்தான் இல்லை. தேர்வு வாரத்தில் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள், தேர்வு முடிந்த மறுநாள் எல்லோரும் வருவார்கள். மூன்றாவது, வார நாள் காலையில் பூங்காவில் இரட்டையர் ஆடும் ஓய்வுபெற்றவர்கள். ஐந்தாவது ஆள் தேவைப்படாத குழு உலகத்தில் கிடையாது. இரண்டு நாள் போய் நின்று, பேசி, மூன்றாம் நாள் ராக்கெட்டோடு போனால் சேர்த்துக்கொள்வார்கள்.

வழக்கங்கள்

காத்திருக்கும்போது வேலியை ஒட்டி நின்று, பாயின்ட் முடிந்ததும் எவ்வளவு நேரம் ஆடுவார்கள் என்று கேட்பது தவறில்லை. ஒற்றையருக்கு ஒரு மணி நேரம், இரட்டையருக்கு ஒன்றரை மணி நேரம் என்பது பரவலான கணக்கு, ஆனால் வாசல் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே விதி. பேசாமல் முறைத்துக்கொண்டு நின்றால் காத்திருக்கிறீர்கள் என்றே அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த கோர்ட்டுக்குப் போக ஒரு கோர்ட்டின் பின்பக்கம் கடக்க வேண்டியிருந்தால், பாயின்ட் முடியும்வரை கதவருகே நில்லுங்கள். உங்கள் பந்து பக்கத்துக் கோர்ட்டுக்குள் ஓடினால் பின்னால் ஓடாதீர்கள். அவர்கள் ஆட்டம் நின்றதும் "தேங்க் யூ" என்று குரல் கொடுத்தால் தட்டி அனுப்புவார்கள். உங்கள் பக்கம் வந்த பந்தை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு குதி குதித்துக் கைக்குப் போகும்படி அனுப்புங்கள். ஓங்கி அடிக்கக் கூடாது.

யார் பக்கம் பந்து விழுகிறதோ அவரே அவுட் சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் உள்ளே என்றே கொள்ள வேண்டும். "தெரியவில்லை, மறுபடி ஆடலாமா" என்பதற்கு இங்கே இடமில்லை. ஒவ்வொரு பாயின்டுக்கு முன்னாலும் சர்வ் போடுபவர் ஸ்கோரை உரக்கச் சொல்வார். சொல்லாமல் ஆடினால் பத்தாவது நிமிடத்தில் கணக்கு உதைக்கும். டாஸுக்கு நாணயம் தேட மாட்டார்கள். ராக்கெட்டைச் சுழற்றி, அடியில் இருக்கும் எழுத்து நேராக விழுமா தலைகீழாக விழுமா என்று கேட்பார்கள்.

காற்று

மலை, மேடு எதுவும் இல்லாத சமவெளி. வயல்களைக் கடந்து வரும் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. மார்ச் முதல் மே வரை காற்றோடுதான் ஆட்டம். இங்கே வானிலைச் செயலி மணிக்கு மைலில் காட்டும். 10 மைல் வரை கவலையில்லை. 15 மைல் என்றால், அதாவது சுமார் 24 கிலோமீட்டர், லாப், அதாவது எதிராளியின் தலைக்கு மேலாக உயர்த்தி அடிப்பதை மறந்துவிடுங்கள். 20-ஐத் தாண்டினால் ஸ்கோர் வைத்து ஆடுவது மன உளைச்சல்தான். ஒரு கூடைப் பந்தோடு சர்வ் பயிற்சி செய்யலாம், அல்லது உள்ளரங்கத்துக்குப் போகலாம். வேலியில் கட்டியிருக்கும் பச்சைத் திரை எந்தப் பக்கம் முழுசாக இருக்கிறது என்று பார்த்து, காற்று வரும் திசையில் திரையுள்ள கோர்ட்டைப் பிடியுங்கள்.

ஆடும்போது சர்வுக்குப் பந்தைத் தூக்கிப் போடும் உயரத்தைக் குறையுங்கள். கை முழுதாக நீளும் உயரத்துக்கு ஒரு சாண் மேலே போனால் போதும். அதற்கு மேல் காற்று அதை எங்கேயோ கொண்டுபோகும். எதிர்க்காற்றில் வழக்கத்தைவிட நெட்டுக்கு மேலே உயர்த்தி, பலமாக அடியுங்கள். கோட்டைத் தாண்டும் என்று தோன்றுகிற பந்து கோட்டுக்குள்ளேயே இறங்கும். காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் டாப்ஸ்பின்னை (பந்தின் முன்னோக்கிய சுழற்சியை) அதிகமாக்குங்கள், தட்டையான அடி எல்லாம் வேலிக்குப் போகும். பக்கக் காற்றில் கோட்டைக் குறிவைக்காமல் ஒரு மீட்டர் உள்ளே குறிவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கால். பந்து கடைசி நொடியில் விலகும் என்பதால், முன்கூட்டியே நின்று காத்திருப்பவர்தான் தோற்பார். சின்னச் சின்ன அடிகளாக வைத்து, அடிக்கும் கணம்வரை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

இடி, வெயில், உடம்பு

கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை திடீரென்று வரும். இடிச் சத்தம் கேட்டாலே கோர்ட்டைவிட்டு வெளியேறிக் கட்டிடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். சுற்றிலும் இரும்பு வேலி, இரும்புக் கம்பம், கையில் ராக்கெட். மழை விழவில்லையே என்று ஒரு கேம் கூட நீட்டக் கூடாது.

ஜூலை வெயில் நம்மவர்களுக்குப் புதிதல்ல, ஆனால் குளிரூட்டிய வீட்டிலிருந்து நேரே வந்து ஆடும்போது உடம்பு ஏமாறும். தண்ணீரோடு உப்புச் சேர்ந்த பானம் ஒன்றும் வையுங்கள். பூங்காக் குழாய்கள் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள், குளிர்காலத்தில் அடைத்தே வைப்பார்கள். 50 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் பத்து நிமிடம் ஓடி, தோளைச் சுழற்றி, நெட்டுக்கு அருகே மெதுவாகத் தட்டி ஆடிய பிறகே பேஸ்லைனுக்குப் போங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கெண்டைக்கால் தசை கிழிவதும் குதிகால் தசைநாண் அறுவதும் இந்த அவசரத்தில்தான்.

பயண மருத்துவக் காப்பீட்டில் விளையாட்டுக் காயங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கிளம்பும் முன் படியுங்கள். பொழுதுபோக்காக ஆடுவதை ஏற்றுக்கொண்டு, ஒழுங்குபடுத்திய போட்டிகளை விலக்கும் பாலிசிகள் உண்டு. சுற்றுலா விசாவில் பொழுதுபோக்குக்கு ஆடலாம், பணம் வாங்காமல் அமெச்சூர் போட்டியிலும் கலந்துகொள்ளலாம். காசு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அது வேலை, விசா விதிக்கு மாறானது.

ஆட முடியாத நாளில்

ஜனவரியிலிருந்து ஏப்ரல் கடைசிவரை கல்லூரி அணிகளின் போட்டிக் காலம். வெளியே பனி கொட்டும்போது ஆட்கின்ஸ் உள்ளரங்கத்தில் போய் உட்காருங்கள். இந்த அணியின் தரம் லேசானதல்ல. 2003-இல் இல்லினாய் ஆண்கள் அணி 32 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்காமல் தேசியப் பட்டம் வென்றது. அப்போது பயிற்சியாளராக இருந்த கிரேக் டைலி பின்னாளில் ஆஸ்திரேலிய ஓப்பனை நடத்தினார். இரட்டையரில் கிராண்ட் ஸ்லாம்கள் வென்ற ராஜீவ் ராம் அந்த அணியில் ஆடியவர். 2018 விம்பிள்டன் இறுதிக்குப் போன கெவின் ஆண்டர்சனும் இங்கே படித்தவர்தான். அதே விம்பிள்டன் அரையிறுதியில் ஐந்தாவது செட்டை 26-24 என்று அவர் ஜான் இஸ்னரிடமிருந்து பறித்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே இஸ்னரை 2007-இல் கல்லூரி ஒற்றையர் இறுதியில் தோற்கடித்தவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடிய நம் சோம்தேவ் தேவ்வர்மன், சென்னையில் வளர்ந்தவர். அடுத்த ஆண்டும் அவருக்கே பட்டம்.

புரிந்து பார்க்கக் கணக்கு இவ்வளவுதான். முதலில் மூன்று இரட்டையர், ஒவ்வொன்றும் ஒரே செட். மூன்றில் இரண்டை வெல்லும் அணிக்கு மொத்தமாக ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஆக ஏழு, முதலில் நாலை எட்டும் அணிக்கு வெற்றி. டியூஸ் ஆனால், அதாவது 40-40 என்று சமமானால், அட்வான்டேஜ் கிடையாது, அடுத்த பாயின்டே கேமை முடிக்கும். ஆண்கள் ஆட்டத்தில் சர்வ் நெட்டில் பட்டு உள்ளே விழுந்தாலும் நிறுத்த மாட்டார்கள், ஆட்டம் தொடரும். ஏதோ நடுவர் தூங்கிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கூச்சலும் விம்பிள்டன் மாதிரி அடக்கமாக இருக்காது, பாயின்டுக்குப் பாயின்ட் கத்துவார்கள்.

வசந்தத்தில் போட்டி வெளியே என்று அறிவித்திருந்தாலும் மழை, காற்று, குளிர் பார்த்துக் கடைசி நேரத்தில் உள்ளே மாற்றுவார்கள், நேரத்தையும் முன்பின் நகர்த்துவார்கள். கிளம்பும் முன் அணியின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெளியே நடந்தால் வெயில் இருந்தாலும் ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினிய இருக்கையில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும், கீழே விரிக்க ஒரு தடித்த துண்டும் வேண்டும்.